லேவெல்லவில் ஓடாத மகாவலி

கம்பளையிலிருந்து இறங்கி வரும் மகாவலி, பேராதனை, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை என்று கண்டி நகரை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால் கரை தொட்ட, அகன்ற நதி தெரியும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளி லேவெல்ல, தென்னெக்கும்புர பக்கம் போய் அதே நதியைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை பாறைகள். அவற்றின் இடுக்குகளில் தேங்கிய குட்டைகள், குட்டைகளின் மேல் படர்ந்த பாசி. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே இருப்பது பொல்கொல்ல அணை.

1976இல் இயங்கத் தொடங்கிய இந்த அணை, மகாவலியை மறித்து, ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே மாத்தளைப் பக்கம் திருப்புகிறது. உக்குவளையில் 40 மெகாவாட் மின்சாரம் எடுத்தபின் அந்த நீர் சுது கங்கையில் விழுந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு பங்கு கலாவெவ, அநுராதபுரம் பக்கம் செல்கிறது. மறு பங்கு அம்பன் கங்கை வழியே பொலன்னறுவை வயல்களுக்குப் போகிறது. ஆண்டுக்கு 87.5 கோடி கனமீற்றர் வரை இப்படித் திருப்புவது நீண்டகாலக் கொள்கை. வட மத்திய மாகாணத்தில் இலட்சக்கணக்கானோரின் சோறு இந்த நீரில் விளைகிறது. இதை மறந்துவிட்டு அணையைப் பழிப்பவர் நேர்மையாகப் பேசுகிறவர் அல்லர்.

ஆனால் நதியிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள், நதிக்குள் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்ற கணக்கைப் போடவில்லை. மகாவலியின் பெருந்திட்டம் 1968இல் தீட்டப்பட்டது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல்தான் வந்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு 1988இல் சட்டத்தில் சேர்ந்து, 1993இல் நடைமுறைக்கு வந்தது. பொல்கொல்லவின் வான்கதவுகளுக்குக் கீழே என்ன நடக்கும் என்று கேட்கும் கடமை அன்று எவருக்கும் இருக்கவில்லை.

நடந்ததைச் சொல்ல ஒரு மீன் போதும். சிங்களத்தில் கடயா என்றும், அறிவியலில் லேபியோ பிஷெரி என்றும் பெயர் பெற்ற மீன் இது. உலகில் வேறெங்கும் இல்லாத, மகாவலிப் படுகையின் மேற்பகுதிக்கே உரிய இனம். அதன் வாய் அடிப்பக்கமாக அமைந்திருக்கும். வேகமாக ஓடும் நீரில் பாறையோடு ஒட்டி நின்று, பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். ஓட்டம் குறைந்தால் பாறையில் வண்டல் படிகிறது. வண்டலுக்கு அடியில் பாசி மடிகிறது. மீனுக்கு உணவும் இல்லை, மூச்சுவிடப் போதிய பிராணவாயுவும் இல்லை. பொல்கொல்லவுக்குக் கீழே, பாறையும் சுழலுமாக இருந்த ஹாரகமப் பகுதி அதற்கேற்ற இடமாயிருந்தது. நதியில் அதற்கும் கீழே 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீற்றர். பொல்கொல்லத் தேக்கத்தின் மட்டம் ஏறத்தாழ 440 மீற்றர். அதாவது விக்டோரியா நிரம்பினால் இடைப்பட்ட நதி தேங்கிய ஏரியாகிறது, வற்றினால் வெறும் பாறையாகிறது. ஓடும் நீரை நம்பிய உயிருக்கு இரண்டுமே ஒன்றுதான். இன்று அந்த மீன் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அதன் இடத்தை நிரப்பியிருப்பது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் தேங்கிய நீரில் செழிக்கும். நீர்த்தேக்க மீனவருக்கு அது வருமானம், ஏழை வீட்டுக்கு அது கறி. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சுழலின் ஓரத்தில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டு, மஹ்சீர் மீன் கயிற்றை இழுக்குமா என்று காத்திருப்பவனுக்கு ஓடும் நதி வேண்டும். குட்டையில் அந்த விளையாட்டு இல்லை.

கண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நகரின் குடிநீர் இதே நதியிலிருந்து எடுக்கப்படுகிறது. கட்டுகஸ்தோட்டைச் சுத்திகரிப்பு நிலையம் உறிஞ்சுவது பொல்கொல்ல அணையால் தேங்கும் நீரை. அந்தத் தேக்கத்துக்குள்ளேயே கண்டி வாவியின் மிகைநீரோடு நகரக் கழிவையும் சுமந்து வரும் மெத ஏலவும், அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயாவும், கொஹாகொட குப்பைமேட்டின் கசிவும் சேர்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளம் இவற்றைக் கரைத்துக் கொண்டுபோகும். வறட்சியில் அழுக்கின் அளவு குறைவதில்லை, கரைக்கும் நீர்தான் குறைகிறது. கண்டியில் ஒருவர் குடிக்கும் நீரின் தரமும் ஒரு மீனின் மூச்சும் அந்த மாதங்களில் ஒரே கணக்கில் வந்து நிற்கின்றன.

இதே மகாவலிப் படுகையின் மேலே, தலவாக்கலையில் வேறு விதமாக நடந்திருக்கிறது. 2012இல் முடிந்த 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் சென் கிளேயர் அருவியை வற்றச் செய்துவிடும் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். அதன் பயனாகப் பகல் நேரத்தில் அருவிக்கு நீர் விட வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. நீர் விட முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் வீதியில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்குக் கிடைத்த பங்கு, லேவெல்லவின் பாறையடியில் வாழும் உயிருக்குக் கிடைக்கவில்லை. மீன் இரவிலும் மூச்சுவிடுகிறது.

நீர் விட்டால் மின்சாரமும் நெல்லும் போகுமே என்பது வழக்கமான பதில். பொல்கொல்லவைப் பொறுத்தவரை இந்தப் பதில் பாதிதான் உண்மை. அங்கே கீழே விடப்படும் நீர் வீணாகக் கடலுக்குப் போவதில்லை. அது 210 மெகாவாட் விக்டோரியாவுக்குள் போகிறது, அடுத்து ரந்தெனிகல, ரந்தம்பே, பிறகு மினிப்பே அணைக்கட்டின் வாய்க்கால்கள். உக்குவளையைவிட விக்டோரியாவில் நீர் விழும் உயரம் அதிகம். ஆகவே அதே நீருக்கு மின்சாரமும் கூடுதல். இழப்பு வடக்கே போகும் பாசன நீரில்தான். சிறுபோகத்தின் நெருக்கடியான வாரங்களில் அது பெரிய விடயம்தான். ஆண்டு முழுவதுக்கும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சிறிய, நிலையான ஓட்டத்தை நதிக்கு ஒதுக்க முடியாத நிலை அல்ல.

உலகில் இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்களுள் தூண்டில்காரர்கள் உண்டு. இங்கிலாந்தின் கென்ட்டில் நிலத்தடி நீரை உறிஞ்சியதால் டேரன்ட் ஆறு 1980களின் இறுதியில் வற்றியது. எதிர்ப்புக்குப் பிறகு உறிஞ்சும் அளவு குறைக்கப்பட்டு ஆறு மீண்டது. நமக்கு இன்னும் அருகே, கர்நாடகத்தின் காவிரிக்கரையில் காலிபோரே முகாமில் பிடித்து மீண்டும் ஆற்றில் விடப்பட்ட மஹ்சீர்களின் பதிவேடுகள் ஆய்வாளர்களின் கைக்குப் போயின. கூன்முதுகு மஹ்சீர் எப்படிச் சரிந்தது என்பதை அந்தப் பதிவுகளே காட்டின. 2018இல் அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கரையில் தினமும் நிற்பவன் எழுதிவைத்ததை அறிவியல் பயன்படுத்திக்கொண்டது.

கண்டியிலும் கரையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் நதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் நீரைப் பங்கிடும்போது மின் உற்பத்தித் துறையும் நீர்ப்பாசனத் திணைக்களமும் தங்கள் தேவையை முன்வைக்கின்றன. நதியின் தேவையையும் அங்கே ஒருவர் முன்வைக்க வேண்டும். பொல்கொல்லவுக்குக் கீழே இரவும் பகலும் நிற்காத குறைந்தபட்ச ஓட்டம் எவ்வளவு என்று மகாவலி அதிகார சபை எழுத்தில் நிர்ணயித்து, அன்றாடம் விடப்படும் அளவை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். அடுத்த வறட்சிக்கு முன்பே அந்த அறிவிப்பு வர வேண்டும்.