ஸ்பானர் பிடித்த கை பாடம் நடத்துமா?

விமானப்படை என்றதும் எல்லோர் கண்ணும் ஆகாயத்தைத்தான் பார்க்கும். கீழே கிரீஸ் படிந்த கையோடு நிற்பவரை யாரும் பார்ப்பதில்லை. எஞ்சின் மெக்கானிக், ஆயுதம் பொருத்துபவர், ரேடார்காரர், ஸ்டோர்ஸ்காரர் என்று நீளும் இந்தக் கூட்டத்தைப் பிரிட்டிஷ் விமானப்படை 'தரைத் தொழில்' பிரிவினர் என்கிறது. இவர்களுக்குப் பாடம் நடத்துபவர் யார், அவருக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தவர் யார்? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அவ்வளவு பெருமைக்குரியதாக இல்லை.

விமானி விஷயத்தில் அந்தப் படைக்குப் புத்தி எப்போதோ வந்துவிட்டது. முதல் உலகப்போரின் போது, போர்முனையில் களைத்துப்போய்த் திரும்பிய விமானிகளையே பயிற்றுநர்களாகப் போட்டார்கள். ஓட்டத் தெரிந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற நினைப்பு! பயிற்சியிலேயே பிள்ளைகள் செத்தார்கள். 1917இல் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி இந்த நினைப்பை உடைத்தார். பயிற்றுநருக்கென்று தனிப் பயிற்சி, இரட்டைக் கட்டுப்பாட்டு விமானம், காற்று இரைச்சலிலும் மாணவனோடு பேச ஒரு குழாய் என்று முறையே மாறியது. 1912இல் தொடங்கிய மத்தியப் பறத்தல் பள்ளி பின்னர் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியானது. இன்றும் விமானிப் பயிற்றுநர் ஆக மாதக்கணக்கில் படிக்க வேண்டும். அதன் பிறகும் பி2, பி1, ஏ2, ஏ1 என்று படிப்படியாகத் தேர்வு எழுதி ஏற வேண்டும். (நம் தாம்பரத்தில் இருக்கும் பறத்தல் பயிற்றுநர் பள்ளியும் இந்த மரபில் வந்ததுதான்.)

தரையில் இருப்பவருக்கு? வேலையில் கெட்டிக்காரரான ஒரு கார்ப்பரலோ சார்ஜென்ட்டோ காஸ்ஃபோர்டில் உள்ள தொழில்நுட்பப் பள்ளிக்கு மாற்றப்படுகிறார். முப்படைக்கும் பொதுவான பயிற்றுநர் பயிற்சி ஏறத்தாழ இரண்டு வாரம். பாட நோக்கத்தை எழுதுவது, பாடத்திட்டம் போடுவது, விளக்கிக் காட்டிச் செய்யவைப்பது, கேள்வி கேட்பது, சக பயிற்சியாளர்கள் முன் சிறு பாடங்கள் நடத்திக் காட்டுவது. அவ்வளவுதான். பிறகு வகுப்பறைக்குள் போக வேண்டியது.

இந்த முறை தப்பானது என்று யாரும் சொல்லவில்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்காகச் சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகளின் வாரிசுதான் இது. நல்ல எலும்புக்கூடு. ஆனால் இரண்டு வாரத்தில் எலும்புக்கூட்டைத்தான் தர முடியும், சதையைத் தர முடியாது.

"தொழில் தெரிந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் ஒரு சின்ன வேலையை எடுத்துப் பார்க்கட்டும். போல்ட் தளராமல் இருக்கக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமாக இழுக்க வேண்டும். இருபது வருஷம் இதைச் செய்தவர் கை தானாக ஓடும். ஏன் அந்தப் பக்கம் என்று கேட்டால் "அப்படித்தான் கட்டணும்" என்பார். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை; தெரிந்தது கைக்குள் போய்விட்டது, வாய்க்கு வரவில்லை. அதை வெளியே எடுத்துச் சொல்வது தனி வித்தை.

இதைவிட ஆபத்து, கைக்குள் தப்பும் சேர்ந்து போயிருப்பது. 1990இல் ஒரு பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி 17,300 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடம்பு வெளியே தொங்க, உடன் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் உயிர் பிழைத்தார். கண்ணாடியில் இருந்த 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் சிறியவை. மாட்டியவர் புதிய ஆள் அல்ல, நல்ல அனுபவசாலி. பட்டியலைப் பார்க்காமல் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்துவிட்டார். இந்தப் பழக்கம் உள்ள ஒருவர் ஆசிரியரானால் அது எத்தனை கைகளுக்குப் போகும்? அவர் வகுப்பை உட்கார்ந்து பார்த்துத் திருத்த, தொழிலும் கற்பித்தலும் தெரிந்த ஒரு மூத்தவர் வேண்டாமா?

இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்றுநர் கையில் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மீது அதிகாரம் இருக்கிறது. தரைப்படையின் டீப்கட் முகாமில் 1995 முதல் 2002 வரை நான்கு இளம் வீரர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு இறந்தார்கள். 2006இல் வந்த பிளேக் அறிக்கை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரைப் பயிற்றுவிக்கும் சிவில் நிறுவனங்களுக்குக் குறையாத கண்டிப்போடு பயிற்றுநர்களின் தகுதியைச் சோதிக்க வேண்டும் என்றது. நான்கு சாவுக்குப் பிறகுதானா இதைச் சொல்ல வேண்டும்?

மேற்பார்வை, வகுப்புப் பார்வையிடல் எல்லாம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் விமானிப் பயிற்றுநரின் ஏ1 தரத்துக்கு மெஸ்ஸில் கிடைக்கும் மரியாதை, நன்றாகப் பாடம் நடத்தும் கார்ப்பரலுக்குக் கிடைப்பதில்லை. சில வருஷம் நடத்திவிட்டு, கற்பித்தல் அப்போதுதான் கைவந்த நேரத்தில், அவர் ஸ்குவாட்ரனுக்குத் திரும்பிவிடுகிறார். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குகிறார்.

செலவு அதிகம் என்பார்கள். விமானிப் பயிற்றுநரை உருவாக்க டன் கணக்கில் எரிபொருள் எரிக்க வேண்டும். கார்ப்பரலுக்கோ இன்னும் சில வாரங்களும், தொழில்வாரியாகக் கூடவே இருந்து திருத்தும் ஓர் ஆசிரியரும், தேறினால் பதவி உயர்வில் கணக்கில் வரும் ஒரு தரமும் போதும். விமானம்கூடப் பறக்க வேண்டாம். பாடத்துக்கென்றே ஓய்வு பெற்ற ஜாகுவார்கள் காஸ்ஃபோர்டு கூடாரங்களில் ஏற்கெனவே நின்றிருக்கின்றன.