மழைக்கு முன் குழாயடிக்கு வாருங்கள்!

தோழர்களே,

ஐப்பசி மழைக்கு அதிக நாள் இல்லை. மேடை போட்டுப் பேசிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை நம் ஒவ்வொரு கிளையும் இந்த வாரமே கையிலெடுக்க வேண்டிய வேலை ஒன்றுதான்: தெருக் குழாயில் வருவது குடிக்கத் தகுந்த தண்ணீர்தானா என்று நாமே சோதித்து, எழுதி வைப்பது.

2024 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பல்லாவரம் காமராஜர் நகர், மலைமேடு பக்கமெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர்களும் போயின. குழாயில் சாக்கடை கலந்து வந்தது என்றார்கள் தெருக்காரர்கள். சாப்பிட்ட உணவு காரணமாக இருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. இந்த மாதிரிச் சண்டையில் எளியவர்கள் எப்போதும் ஏன் தோற்கிறார்கள்? நாறியது என்று சொல்ல வாய் இருக்கிறது, காட்டத் தாள் இல்லை. அந்தத் தாளை இந்த மழைக்கு முன் நாம் எழுதியாக வேண்டும்.

சாக்கடை எப்படிக் குழாய்க்குள் வருகிறது? தண்ணீர் ஓடும்போது குழாயில் அழுத்தம் இருக்கும். விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியேதான் கசியும். விநியோகம் நின்றதும் அழுத்தம் இறங்கிவிடும். அப்போது விரிசலைச் சுற்றி நிற்கும் சாக்கடை உள்ளே ஊறும். அடுத்த முறை திறந்துவிடும்போது முதல் குடம் அதைத்தான் கொண்டுவரும். நம் ஊரில் இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் வரும் தெரு ஏது? மழைநீர் வடிகாலுக்குள்ளேயே குடிநீர்க் குழாய் நுழைந்து போகும் இடங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். போதாக்குறைக்கு, குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்தச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறார்கள். கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: நம் தோழர்கள் வீட்டில் அப்படி மோட்டார் இருந்தால், பிரச்சாரத்துக்குக் கிளம்பும் முன் அதைக் கழற்றுங்கள்.

“கேன் வாங்கிக் குடிக்கிறோமே” என்பார்கள். கேன் வாங்குகிற வீட்டிலும் பாத்திரம் கழுவுவதும் குழந்தை வாய் கொப்பளிப்பதும் குழாய்த் தண்ணீரில்தான். வாங்க முடியாத வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆழ்துளைக் கிணறுதான் மாற்று வழி என்றால், பல்லாவரம், நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரை என்ன செய்து வைத்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும்.

வேலை கடினமானதல்ல. குளோரோஸ்கோப் என்ற சிறு பெட்டி போதும். குழாய்த் தண்ணீரில் அதன் மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். வீட்டுக் குழாய்வரை வந்து சேரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நிறமே மாறவில்லையா, அந்தத் தெரு ஆபத்தில் இருக்கிறது. தொட்டியடியில் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள், குழாயின் கடைசி வீட்டில் பாருங்கள். தேதி, நேரம், தெரு, அளவு, நாற்றம், நிறம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். வடிகாலோரம் நடந்து, குழாய் எங்கெங்கே அதற்குள் போகிறது என்று படம் எடுங்கள். வயிற்றுப்போக்கு வந்த வீடுகளையும் குறியுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடு என்றால் அன்றே சுகாதார அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

மனுவை எங்கே கொடுப்பது? 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. எழுபது வார்டு. பக்கத்திலேயே கன்டோன்மென்ட் வாரியத்தின் எல்லை. இது எங்கள் பகுதியில்லை என்று அங்கும் இங்கும் அலையவிடுவார்கள். சாக்கடைக்கு எல்லைக்கோடு தெரியாது என்று சொல்லி, மனுவை இரண்டு அலுவலகத்திலும் கொடுங்கள். வார்டுவாரியான குளோரின் அளவை அன்றாடம் அறிவிப்புப் பலகையில் எழுது, வடிகாலுக்குள் போகும் குழாயை மாற்று: கோரிக்கை இவ்வளவுதான்.

அது நிறைவேறும்வரை தண்ணீர் தளதளவெனக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் அடுப்பில் இருக்கட்டும். யாருக்காவது பேதி கண்டால் ஓ.ஆர்.எஸ். உடனே ஆரம்பிக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்கவும். 1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில், பன்கானில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலராவை எதிர்கொண்டது இப்படிப்பட்ட கரைசலால்தான். ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன இடத்தில் நோயாளிகளின் உறவினர்களே அதை ஊட்டினார்கள். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆனாலும் கண் குழிவிழுந்தால், சிறுநீர் நின்றால், குடிப்பதெல்லாம் வாந்தியானால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108க்கு அழையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்கு அரைமணி முன்பே உங்கள் தெருவின் கடைசிக் குழாயடியில் நில்லுங்கள். கிளைக்கு ஒரு பெட்டி, ஒரு நோட்டு, இரண்டு பேர். பெட்டிக்குப் பணம் இல்லாத கிளைகள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், மற்ற கிளைகள் பகிர்ந்துகொள்ளும். திங்கட்கிழமை காலை எல்லா நோட்டுகளோடும் மாநகராட்சி அலுவலக வாசலில் சந்திப்போம்.