டூர் ப்ரோகிராமை குழந்தை போடட்டும்!

ஸ்கூலுக்கு லீவு விட்டாச்சு. உங்கள் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்திருக்கும். "ட்ரெயின்ல வெயிட்டிங் லிஸ்ட்தான் கிடைக்கும். நம்ம கார்லயே போயிடலாம். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினா, காலையில டிபன் கொடைக்கானல்ல. ஒரு நாள் ரூம் வாடகையும் மிச்சம்!"

இதைச் சொல்பவர் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவர். கேட்டுக்கொண்டிருப்பவர் புளிக்காய்ச்சல் கிளறப் போகிறவர். இந்த ஆலோசனைக்கு யாருமே கூப்பிடாத ஆசாமி ஒருத்தர் உண்டு. உங்கள் வீட்டு நாலு வயசுக் கடைக்குட்டி! வழியெல்லாம் வாந்தி எடுக்கப் போவதும், ஒண்ணுக்கு வந்து அடக்கிக்கொண்டு நெளியப் போவதும், போய்ச் சேர்ந்ததும் சோர்ந்து சுருண்டு படுக்கப் போவதும் அவர்தான்.

என்னைக் கேட்டால், எத்தனை மணிக்குக் கிளம்புவது, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அந்தக் கடைக்குட்டியின் உடம்பைக் கேட்டுத்தான் முடிவு பண்ண வேண்டும். அதற்குத் தாங்காத தூரம், அந்த வருஷம் உங்கள் குடும்பத்துக்கே தாங்காத தூரம். "குழந்தைங்களுக்காகத்தானே போறோம்" என்று நாம் சொல்வது நிஜமானால், இதில் தகராறே வரக்கூடாது.

முதலில் அந்த ராத்திரிப் பயணத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 520 கிலோமீட்டர். பகல் முழுக்க ஆபீஸ், சாயங்காலம் மூட்டை கட்டுதல், பிறகு பத்து மணிக்கு ஸ்டியரிங். விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை மனித உடம்பு தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம். டீ குடித்தாலும், முகம் கழுவினாலும், பாட்டை அலற விட்டாலும் அந்தத் தூக்கம் போகாது. கண்ணைத் திறந்துகொண்டே சில விநாடி தூங்கிவிடுகிற ஆபத்து அப்போதுதான் அதிகம். ரோட்டோரம் விளக்கில்லாமல் நிற்கிற லாரி ஒன்று போதும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி 28 மீட்டர் ஓடிவிடுகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"வெயில்ல குழந்தைங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதாம்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான். முந்தின நாள் எட்டரைக்கெல்லாம் படுத்துவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். திண்டிவனம் தாண்டியதும் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கட்டாயம் நிறுத்தி, குழந்தைகளை இறக்கி ஓட விட்டாலும் பதினொன்றரைக்குத் திருச்சி வந்துவிடும். அன்றைக்கு அதோடு சரி! மதியம் தூக்கம். சாயங்காலம் மலைக்கோட்டை ஏறலாம், முக்கொம்பு போகலாம். மறுநாள் காலையில் கிளம்பினால் வத்தலகுண்டு வழியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு மலை மேல் இருக்கலாம்.

ஒரு நாள் ரூம் வாடகை கூடத்தான் ஆகும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை, தெரியும். கொடைக்கானலில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சீசனில் அங்கே ஏரியைச் சுற்றி நிற்கிற கார் வரிசையில் உட்கார்ந்திருப்பதைவிட, முக்கொம்பில் மணலை அளைவது நாலு வயசுக்கு எவ்வளவோ மேல்.

அடுத்தது, நான் சண்டைக்கு வரப்போகிற விஷயம். முன் சீட்டில் அம்மா, அம்மா மடியில் குழந்தை. இந்தக் காட்சியை எந்த ஹைவேயிலும் பார்க்கலாம். "என் மடியை விடப் பத்திரமான இடம் எது?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். மனசுக்கு அது சரி. ஓடுகிற காருக்குள் அந்தக் கணக்கு செல்லாது.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அந்த நொடியில் பத்து கிலோ குழந்தை உங்கள் கைக்குப் பத்து கிலோவாக இருக்காது. நூறு கிலோவுக்கு மேலே இழுக்கும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடிக்காது. அம்மா பெல்ட் போடவில்லை என்றால் இன்னும் மோசம். அம்மாவின் எடை முழுக்கக் குழந்தையின் முதுகில்தான் இறங்கும். போதாததற்கு எதிரே ஏர்பேக் இருக்கிறது. பெரியவர்கள் உடம்பை மனதில் வைத்துச் செய்தது அது. கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மடியில் இருக்கிற குழந்தையின் தலை அதற்கு நேர் எதிரே!

ஆகவே, குழந்தையின் இடம் பின் சீட். கைக்குழந்தைக்கு, முதுகு வண்டியின் முன்பக்கம் பார்க்கிற மாதிரி வைக்கிற குழந்தை சீட். கொஞ்சம் பெரிய குழந்தைக்கு முன்னோக்கிய சீட், அதற்குப் பிறகு உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர். உயரம் சுமார் நாலே முக்கால் அடியைத் தொட்ட பிறகுதான் பெரியவர்களின் பெல்ட் சரியாகப் பொருந்தும். அதுவரை பெல்ட் தோளில் படாமல் கழுத்தில் அறுக்கும், இடுப்பெலும்பில் படாமல் வயிற்றில் அழுத்தும்.

"வருஷத்துக்கு ஒரு டூருக்கு இவ்வளவு ரூபாய்க்கு சீட்டா?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். ஏங்க, டூருக்கு மட்டுமா குழந்தை காரில் ஏறுகிறது? தினம் ஸ்கூலுக்குப் போகிறதே, தாத்தா வீட்டுக்குப் போகிறதே! அலாய் வீலுக்கும், சீட் கவருக்கும், உறுமுகிற ஸ்பீக்கருக்கும் யோசிக்காமல் கொடுக்கிறோம். அந்த சீட் கவரைப் பற்றியே ஒரு வார்த்தை. நம் ஊரில் பாதிக் கார்களில் பின் சீட் பெல்ட்டின் பூட்டு அந்தக் கவருக்கு அடியில்தான் புதைந்து கிடக்கிறது. கிளம்புவதற்கு முந்தின நாளே கையை விட்டுத் தேடி வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். வாடகைக் கார் பேசும்போதும், ஏ.சி. இருக்கா, கேரியர் இருக்கா என்று கேட்கிற மூச்சிலேயே, "பின் சீட்ல பெல்ட் வேலை செய்யுதா?" என்று கேட்டுவிடுங்கள். டிரைவர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெரியவர்களுக்கும்தான் சொல்கிறேன். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மும்பைக்குத் திரும்பும் வழியில் விபத்தில் இறந்தபோது உட்கார்ந்திருந்தது விலையுயர்ந்த காரின் பின் சீட்டில். அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருப்பவர், மோதலில் முன்னால் இருப்பவர் மேலேயே வந்து விழுவார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை பெல்ட்டோ, குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். கேமராவுக்காக இல்லாவிட்டாலும் குழந்தைக்காகப் போடலாமே? மேல் கூரைக் கண்ணாடியைத் திறந்து, பிள்ளைகளை நிற்க வைத்துக் கையாட்டச் சொல்கிற அப்பாக்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். "ரொம்பத் தண்ணி குடிக்காதே, வழியில பாத்ரூம் கிடைக்காது." பெண் குழந்தையிடம்தான் இதை அதிகம் சொல்கிறோம். சொல்கிற அம்மாவும் காலையிலிருந்து ஒரு டம்ளருக்கு மேல் குடித்திருக்க மாட்டார். மே மாத வெயிலில், ஏ.சி. காற்று உதட்டையும் தொண்டையையும் உலர்த்துகிற காருக்குள் இது சரியான விபரீதம். நீர் குறைந்து, சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால், டூர் முடிந்த கையோடு நீர்க்கடுப்புக்கு டாக்டர் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும். குழந்தை ஆறு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகவில்லை, போனாலும் அடர் மஞ்சளாக வருகிறது, உதடு காய்ந்திருக்கிறது, விளையாடாமல் துவண்டு கிடக்கிறது என்றால் பயணத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் குடிதண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கூச்சப்படாமல் கேளுங்கள். பூட்டியிருந்தால் சாவியைக் கேளுங்கள். ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு, பழைய நியூஸ் பேப்பர் கைவசம் இருந்தால் சமாளித்துவிடலாம். வீட்டிலிருந்து காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், வழியில் கண்ணெதிரே வெட்டித் தருகிற இளநீர், சீவித் தருகிற நுங்கு. வேறென்ன வேண்டும்? ஈ மொய்க்கிற கட் பண்ணிய தர்பூசணியை மட்டும் விட்டுவிடுங்கள், முழுசாக வாங்கி நீங்களே அறுத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், எவ்வளவு வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம்.

பேதி, வாந்தி என்றால் கொடுக்க ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரைத்து, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அதே பெயரில் விற்ற இனிப்பு ஜூஸ் டப்பாக்களை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற வார்த்தையே வரக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது.

இனி மலை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70! இதில் வாந்தி எடுக்காத குழந்தைதான் அதிசயம். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'வண்டி திரும்புது' என்கிறது. முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்க்கிற கண் 'ஒண்ணும் அசையலையே' என்கிறது. மூளைக்குக் குழப்பம், வயிற்றுக்குப் பிரட்டல். இரண்டு வயசிலிருந்து பன்னிரண்டு வரை இது அதிகம். அதனால் மலையில் செல்போன், காமிக்ஸ் எல்லாம் பைக்குள் போகட்டும். தூரத்து மலை முகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாந்தி மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அதில் ப்ரோமெதஸின் வகை மருந்து, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். குழந்தையின் எடையைச் சொல்லி, உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாத்திரைக்கெல்லாம் மேலானது ஒன்று உண்டு. டிரைவர் வளைவுகளில் மெதுவாகத் திருப்புவது!

சாப்பிட நிறுத்துகிற இடத்திலும் ஒரு கண்டம் காத்திருக்கிறது. "நல்லாத் தூங்குறான், எழுப்ப வேணாம், அஞ்சே நிமிஷம்" என்று குழந்தையைக் காரிலேயே விட்டுவிட்டு ஓட்டலுக்குள் போவது. வெயிலில் பூட்டிய காருக்குள் பத்து நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு நம்மைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். நம் ஓட்டல்களில் சர்வர் வந்து ஆர்டர் எடுக்கவே பத்து நிமிஷம் ஆகிறது! எழுப்புங்கள், அழட்டும், தூக்கிக்கொண்டு போங்கள்.

இத்தனைக்கும் பிறகு எங்கே போகலாம் என்று கேட்டால், பக்கத்தில் போங்கள் என்பேன். சென்னைக்காரர்களுக்கு ஏலகிரி இருக்கிறது, 14 வளைவுதான். மதுரைக்காரர்களுக்கு சிறுமலை. ஊட்டி, கொடைக்கானல்தான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், இ-பாஸ் நிலவரத்தை முதலில் பாருங்கள். 2024 மே மாதம் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் அது வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். வழியில் ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதி, டேஷ்போர்டில் ஒட்டுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் இன்னொரு சீட்டு, அதில் உங்கள் போன் நம்பர்.

திரும்பி வருகிற தேதியை, ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாளாக வைத்துவிடாதீர்கள். இரண்டு நாளாவது முன்னால் வந்துவிட்டால், துணி துவைக்கவும், நோட்டுக்கு அட்டை போடவும், குழந்தை வீட்டு ரசத்தைச் சாப்பிட்டுத் தன் பாயில் நன்றாகத் தூங்கி எழவும் நேரம் இருக்கும்.