அடிபட்டவர் கேட்பது பிச்சை இல்லை

எங்கே விபத்து நடந்தாலும் நம்ம ஊர்ல உடனே ஒரு பஞ்சாயத்து கூடிடும். "உயிர் பொழைச்சதே பெருசு, கேஸு கீஸுன்னு எதுக்கு அலையணும்? குடுக்கறதை வாங்கிட்டு விட்டுடு." இதை வண்டியில சும்மா உக்காந்து வந்த பயணிகிட்டயே சொல்வாங்க பாருங்க, அதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. ஓட்டினவங்கள்ல யார் மேல தப்புன்னு விவாதிக்கலாம். சீட்ல தூங்கிட்டு வந்தவர் மேல என்னய்யா தப்பு?

சட்டம் இதுல தெளிவா இருக்கு. ரெண்டு வண்டிக்காரங்க மேலயும் தப்பு இருந்தா, யார் எத்தனை சதவீதம்ங்கறது பயணியோட கவலை இல்லை. ரெண்டு தரப்புல யார்கிட்ட வேணா முழு இழப்பீட்டையும் வாங்கலாம்னு 2015ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அடுத்த அஸ்திரம், "பாவம், டிரைவர் புள்ளகுட்டிக்காரன்". டிரைவர் மேல போலீஸ் போடற வழக்கு தனி, இழப்பீட்டு வழக்கு தனி. பணம் பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி தரும். அரசு பஸ்னா போக்குவரத்துக் கழகம் தரணும். தராம இழுத்தடிச்சு, பஸ் ஸ்டாண்டுலயே பஸ்ஸை ஜப்தி பண்ணின செய்தியெல்லாம் நாம பேப்பர்ல படிச்சதுதானே?

என் கூட பொட்டி தட்டற நண்பர் ஒருத்தர், ஆம்னி பஸ் கவுந்து தோள்பட்டை உடைஞ்சு கிடந்தார். பஸ் முதலாளியோட ஆள் ஆஸ்பத்திரிக்கே வந்து, பத்தாயிரத்தை நீட்டி 'புகார் இல்லை'ன்னு கையெழுத்து கேட்டார். நண்பரோட மனைவி பேனாவைப் பிடுங்கி வெச்சாங்களோ, பிழைச்சார். ஆபரேஷன் செலவு மட்டும் அதைப் போல பல மடங்கு ஆச்சு.

சட்டத்துல ஒரு பெரிய ஓட்டையும் இருக்கு. மச்சான் பைக்ல பின்னாடி உக்காந்து போறீங்க, மச்சானே எங்கயாவது மோதிட்டார்னு வெச்சுக்குங்க. வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, பின்னாடி இருக்கறவருக்கு அது பொருந்தாது. 2006லயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. பேக்கேஜ் பாலிசின்னா கிடைக்கும். கட்டாய இன்சூரன்ஸ்னு சொல்லிட்டு, வண்டியிலயே இருக்கற ஆளை விட்டுடறது என்ன நியாயம்? சட்டம் மாறணும். அதுவரைக்கும், நாலு பேரை ஏத்திட்டுப் போறவங்க சில ஆயிரத்துக்குக் கணக்கு பாக்காதீங்க.

நான் வக்கீல் இல்லை. ஆனா நண்பருக்காக அலைஞ்சதுல தெரிஞ்ச சிலதைச் சொல்லிடறேன். முதல்ல எஃப்.ஐ.ஆர். போடணும். ஆஸ்பத்திரில தர்ற ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் எதையும் தொலைக்கக் கூடாது. விபத்து எங்க நடந்திருந்தாலும், நீங்க குடியிருக்கற ஊர்த் தீர்ப்பாயத்துலயே மனு போடலாம். 2022 ஏப்ரல் 1ல அமலுக்கு வந்த விதிப்படி ஆறு மாசத்துக்குள்ள போடணும். அந்த விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துல வழக்கு போயிருக்கு, ஆனா அதை நம்பித் தள்ளிப் போட வேணாம்.

ஊனம் எத்தனை சதவீதம்னு டாக்டர் எழுதறதோட விஷயம் முடியறதில்லை. அதனால உங்க பிழைப்பு எவ்வளவு பாதிக்குதுங்கறதுதான் கணக்குன்னு 2011லயே தீர்ப்பு இருக்கு. ஒரே விரல் போனாலும், எனக்கு ஆகற நஷ்டம் வேற, தவில் வாசிக்கறவருக்கு ஆகற நஷ்டம் வேற.

இத்தனைக்கும் அப்புறம் யாராவது "விட்டுடு"ன்னா, ஆஸ்பத்திரி பில்லை அவர் கையில குடுத்துப் பாருங்க :-)