ஐடிலிங் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன்னால்

எஞ்சின் மாற்றிய கார் நின்ற இடத்தில் குலுங்குகிறது, கால் எடுத்தால் ஆஃப் ஆகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொல்லிப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில், பானட்டைத் தூக்கிய மறு நிமிஷம் ஸ்க்ரூ டிரைவர் கார்புரேட்டரின் ஐடிலிங் ஸ்க்ரூவுக்குப் போய்விடும். "ஒரு சுத்து ஏத்தி வச்சிருக்கேன் அண்ணாச்சி, இனி நிக்காது." வண்டியும் நிற்காது. நாமும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். இதை ரிப்பேர் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைப் பிடுங்கி ஒளித்து வைக்கிற வேலை இது.

என் மைத்துனர் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸை அடியாக வைத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்தார்களே, அதே வண்டிதான். 1489 சி.சி. எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், 1992-இல் அம்பாசிடருக்கு வந்த 1817 சி.சி. இசுசு பெட்ரோல் எஞ்சினை ஐந்து கியர் பெட்டியோடு புதுப்பேட்டையில் பிடித்து வந்தார். உடைத்த வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. கூடவே அந்த வண்டியின் பிரேக் சர்வோவும் வந்தது. எஞ்சின் நல்ல எஞ்சின், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூரில் ஏற்றினார்கள். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பர் மாற்றும் வேலையையும் முறையாகச் செய்தார். பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பிறகு விபத்து இன்சூரன்ஸ் கேட்கும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். அது தனிக் கதை.

வண்டி வந்த நாளிலிருந்தே ஐடிலிங் தகராறு. ஒருதரம் ரேஸ் ஆகும், ஒருதரம் செத்துப்போகும். மூன்று ஒர்க்‌ஷாப் பார்த்தார். மூன்றிலும் ஸ்க்ரூவை ஏற்றினார்கள். கடைசியில் வண்டி நின்ற இடத்தில் 1500 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த எஞ்சினுக்கு 800 போதும். ஃபர்ஸ்ட் கியர் போடும்போது கரகரவென்று சத்தம். சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணினாலும் நாலைந்து தடவை உதறிவிட்டுத்தான் அடங்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான் அத்தான்" என்று அவரே சமாதானம் சொல்லப் பழகிவிட்டார்.

போன சீசனில் குடும்பத்தோடு ஆரியங்காவு கோயிலுக்குப் போய்விட்டு, கோட்டைவாசல் தாண்டிப் புளியரை இறக்கத்தில் வந்திருக்கிறார். எஸ் வளைவுக்கு முன்னால் எதிரே ஒரு லோடு லாரி. பிரேக்கில் கால் வைத்தால் கல்லை மிதித்த மாதிரி இருந்ததாம். இரண்டாம் கியருக்குத் தட்டி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, சுவரை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். பின் சீட்டில் என் தங்கையும் இரண்டு பேரப் பிள்ளைகளும். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோதும் அவருக்குக் கை நடுங்கியது.

இங்கேதான் என் கோபம். பிரேக் கல்லானதும் ஐடிலிங் கெட்டதும் ஒரே நோய். சர்வோ எதில் வேலை செய்கிறது? எஞ்சின் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவத்தில். சர்வோவின் உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரம் கிழிந்திருந்தால், காலுக்குக் கிடைக்க வேண்டிய உதவி குறைகிறது. அதே கிழிசல் வழியாக வெளிக்காற்று மேனிஃபோல்டுக்குள் நுழைந்து பெட்ரோல் கலவையைக் கெடுக்கிறது. வண்டி நின்ற இடத்தில் குலுங்கி, 'என் பிரேக்கைப் பாருங்கள்' என்று மூன்று மாதம் கத்தியிருக்கிறது. மூன்று பேர் அதன் வாயைப் பொத்தினார்கள். பொத்தியதோடு விட்டார்களா? ஸ்க்ரூவை ஏற்றினால் கார்புரேட்டரின் பட்டர்ஃபிளை முழுதாக மூடாது. இறக்கத்தில் காலை எடுத்ததும் நன்றாக மூடினால்தான் வேக்குவம் அதிகமாகக் கிடைக்கும், எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும். அந்த இரண்டையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னேன். "அத்தான், நீங்க டீசல் பஸ் ஆளாச்சே" என்று இழுத்தார். டெப்போவில் இருந்தவனுக்கு வேக்குவம் தெரியாதா, நிறுத்துவே என்றேன்.

முதல் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். எஞ்சினை ஆஃப் செய்து, பிரேக்கை ஐந்தாறு தரம் மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ண வேண்டும். சர்வோ நன்றாக இருந்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கும். எங்கள் பெடல் அசையவே இல்லை. பிறகு மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜை மாட்டினேன். ஆரோக்கியமான எஞ்சின் ஐடிலிங்கில் 17-லிருந்து 21 அங்குலம் வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். இங்கே 13-இல் நடுங்கியது. சர்வோ ஹோஸை ஒரு துணி சுற்றிக் குறட்டால் நெரித்ததும் முள் மேலே ஏறியது, குலுக்கலும் பாதி அடங்கியது.

மீதிப் பாதிக்கு ஒரு மணி நேரம் ஆனது. இசுசு மேனிஃபோல்டில் இருக்கும் ஹோஸ் முனைகளில் ஒன்றுக்குப் பழைய வண்டியில் ஜோடி இல்லை. அதில் வெடித்த ரப்பர் துண்டைச் சொருகி, நுனியில் ஒரு போல்டைத் திணித்திருந்தார்கள். கார்புரேட்டரில் ஐடில் ஜெட்டைத் திறந்து மூடும் சொலினாய்டு ஒன்று உண்டு. சாவி போட்டால் கரண்ட் வந்து திறக்க வேண்டும். அதன் ஒயர் எங்கும் இணைக்கப்படாமல் காற்றில் தொங்கியது! ஐடில் ஜெட் வழியாக ஒரு சொட்டுப் பெட்ரோல் வராமல், பட்டர்ஃபிளையைத் திறந்து வைத்தே இத்தனை நாள் வண்டியை உயிரோடு வைத்திருக்கிறார்கள். சாவி எடுத்த பிறகு உதறியதும் அதனால்தான். ஹெட்லைட் போட்டால் ஐடிலிங் படுத்துவிடும் என்றாரே என்று பார்த்தால், எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே எர்த் பட்டையே மாட்டவில்லை. கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கேபிளைத் தொட்டால் சூடு.

மூன்றடி ஒயர், ஒரு எர்த் பட்டை, ஒரு ரப்பர் மூடி, பழுதில்லாத ஒரு சர்வோ. பிறகு டேப்பட், பாயிண்ட், டைமிங் பார்த்தோம். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஐடிலிங் ஸ்க்ரூவைத் தொட்டேன். அதுவும் ஏற்ற அல்ல, இறக்க.

மெக்கானிக் பையன்களை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான். அதில் ஒருவரிடம் நேரில் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குச் சுருக்கென்று தைத்தது: "அண்ணாச்சி, ரெண்டு மணி நேரம் தேடி ஒரு ஒயரை மாட்டிட்டு ஐந்நூறு ரூவா கேட்டா, ஒரு ஒயருக்கா ஐந்நூறுன்னு சண்டைக்கு வருவாங்க. கார்புரேட்டரையே மாத்தணும்னு சொன்னா பேசாம குடுப்பாங்க." உண்மை. சாமானுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். டாக்டரிடம் மாத்திரைக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வருகிறோமா? அந்தப் பையன் தேடாமல் போனதில் நமக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் அவரிடம் ஒன்று சொன்னேன். ஸ்க்ரூவை ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஏற்று, ஆனால் 'காரணம் தெரியவில்லை, தற்காலிகமாக ஏற்றியிருக்கிறேன், பிரேக்கைப் பார்த்து ஓட்டுங்கள்' என்று வாய் திறந்து சொல்லிவிடு. அதற்கு யாரிடமும் கூலி கேட்க வேண்டாமே.

கார்புரேட்டர் காலமே போய்விட்டதே, இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது என்பார்கள். கம்ப்யூட்டர் என்ன செய்கிறது? காற்று ஒழுகினால் அதுவாகவே கலவையையும் ஐடிலிங்கையும் சரிக்கட்டி, தன் எல்லை வரை நமக்குத் தெரியாமல் சமாளிக்கிறது. ஸ்க்ரூவைத் திருகும் கை வண்டிக்குள்ளேயே குடியேறிவிட்டது, அவ்வளவுதான். அதனால் பெடல் சோதனையைப் புது வண்டிக்காரர்களும் செய்து பார்க்கலாம்.

மைத்துனர் வண்டி இப்போது 800-இல் நிற்கிறது. வேக்குவம் கேஜ் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. சுரண்டையில் யாருக்காவது வேண்டுமானால் வந்து வாங்கிப் போகலாம். போன தடவை கொண்டுபோனவர் ஹோஸ் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அவர் இதைப் படித்தால், ஹோஸையும் கொண்டுவந்து தரவும்.