கைக்கருவியும் பிறர் நம்பிக்கையும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பாலராமபுரம், கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சிக் காலத்தில், தென் தமிழகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கே குழித்தறி அமைத்தன. இவ்வூரின் பருத்தி ஆடைகள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. இங்கும், அண்டையிலுள்ள நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய எல்லைப்புற ஊர்களிலும் கைப்பேசி இன்று அன்றாடக் கருவியாகிவிட்டது. வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்த செய்தியும், பிள்ளையின் பள்ளி அறிவிப்பும் அதன் வழியாகவே வருகின்றன.

நலத்திட்டத்திற்குப் பெயர் பதிய வரும் களப் பணியாளர், நெசவாளரின் ஆதார் அட்டையையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற் பக்கத்தையும் தம் கைப்பேசியிலேயே படமெடுத்துக் கொள்வதுண்டு. உதவித்தொகைக்காக மாணவரின் விவரங்களைத் திரட்டும் ஆசிரியரும் அவ்வாறே செய்வதுண்டு. வேலை முடிந்த பின்னரும் அப்படங்கள் அக்கருவியில் தங்கிவிடுகின்றன. இந்நிலையில் ஒரு கைப்பேசி தொலைந்தால், தொலைவது ஒருவரின் உடைமை மட்டுமன்று. ஒரு தெருவின் இரகசியமே தொலைகிறது.

இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. இக்காலக் கைப்பேசிகள் தம்முள் உள்ளவற்றை மறைகுறியீடாக மாற்றியே சேமிக்கின்றன. சரியான பூட்டு எண் இடப்பட்டால்தான் அவை மீண்டும் படிக்கத்தக்க வடிவம் பெறும். பூட்டே இடாத கருவியில் இந்த ஏற்பாட்டால் விளையும் பயன் மிகச் சிறிதே. 4 இலக்கப் பூட்டு எண்ணுக்கு 10,000 வாய்ப்புகளே உண்டு. 6 இலக்கமாயின் 10 இலட்சம். இரண்டு இலக்கங்களைக் கூட்டுவதால் காவல் நூறு மடங்கு பெருகுகிறது. பிறந்த நாளையோ வாகன எண்ணையோ பூட்டு எண்ணாக வைப்பது இப்பயனைக் கெடுத்துவிடும்.

கைப்பேசியைப் பூட்டினால் மட்டும் போதாது. அதனுள் இருக்கும் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கருவியில் இட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் திருடனிடமே சென்று சேரும். சிம் அட்டைக்கும் தனிப் பூட்டு எண் அமைக்கும் வசதி உண்டு. மும்முறை தவறான எண்ணை இட்டால் அட்டை முடங்கிவிடும். அதைத் திறக்க உதவும் 8 இலக்க எண்ணை முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொண்டு இவ்வசதியை ஏற்படுத்துவதே முறை. பென் டிரைவ் இதனினும் ஆபத்தானது. சாதாரணமாக அதற்குப் பூட்டே இல்லை. எடுத்தவர் எவரும் படிக்கலாம். கணினியிலுள்ள மறையாக்க வசதியைக் கொண்டு அதற்குக் கடவுச்சொல் இட்ட பின்னரே பிறர் விவரங்களை அதில் ஏற்றுதல் வேண்டும்.

ஆதார் விஷயத்திலும் எளிய வழிகள் உள்ளன. 12 இலக்கங்களில் கடைசி 4 மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதார் படிவத்தை எவரும் பெறலாம். அது போதுமான இடத்தில் முழு எண்ணைக் கேட்பது தகாது. கைரேகையின் போலிப் படிவம் செய்து பிறர் கணக்கிலிருந்து பணம் எடுத்த குற்றங்கள் நாட்டின் சில பகுதிகளில் பதிவாகியுள்ளன. ஆதார் செயலியில் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறப்பது இதற்கேற்ற காப்பு.

ஏழை நெசவாளியிடம் திருட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சேமிப்பு குறைந்தவருக்கே இழப்பு பெரிது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. செல்வர் ஒரு மாத வருவாயை இழந்தும் வாழ்வார். தறியை நம்பிய குடும்பத்திற்கு அது நூல் வாங்கும் முதலாகவும் இருக்கலாம்.

விவரம் கொடுத்தவரைக் காட்டிலும் அதைக் கேட்டு வாங்கியவருக்கே பொறுப்பு அதிகம். தேவையானதை மட்டும் பெறுதல், வேலை முடிந்ததும் அழித்தல் என்னும் நெறிகள் 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. எனினும், சொந்தக் கைப்பேசியில் அரசுப் பணியைச் செய்யுமாறு ஊழியரைப் பணித்துவிட்டு, தவறு நேர்ந்தபின் அவரையே குறைகூறுவது நியாயமாகாது. பூட்டிய அலுவலகக் கருவியையும் உரிய பயிற்சியையும் வழங்குவது மேலதிகாரிகளின் கடமை.

கருவி தொலைந்தால் தாமதம் கூடாது. முதலில் சிம் அட்டையை நிறுத்த வேண்டும். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும். காவல் நிலையத்தில் புகார் அளித்தபின், மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தின் வழியே கருவியையே முடக்கலாம். இதற்குத் தேவையான 15 இலக்க அடையாள எண், கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தெரியும். அதை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வது நலம். இச்செய்திகளை எல்லைப்புறத் தமிழ்க் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துரைக்கத் தக்கவர்கள் ஆசிரியர்களும் களப் பணியாளர்களுமே. தம் கைப்பேசியில் எஞ்சியிருக்கும் பிறருடைய படங்களை முதலில் அழித்துவிட்டு அப்பணியைத் தொடங்குவார்களாயின், அவர்கள் சொல்லுக்கு மதிப்பு மிகும்.