வாசித்த பிறகே கையெழுத்து



வருகிற அக்டோபர் 2 கிராமசபையில் நாம் எல்லோரும் ஒரே ஒரு காரியத்தில் உறுதியாக இருக்க வேண்டும் என்று, இதே ஊராட்சியின் வாக்காளர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டுக்கொள்கிறோம். தீர்மானம் ஒவ்வொன்றையும் எழுதி முடித்து, உரக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். சாலை, தண்ணீர், தெருவிளக்கு என்று கேட்க எத்தனையோ இருக்க, இதையா பெரிதாகப் பேசுவது என்று தோன்றலாம். ஆனால் குழாய் இணைப்புக்கு எவ்வளவு முன்பணம், குப்பையை எங்கே கொட்டுவது, பொது இடத்தை யார் பயன்படுத்துவது என்று கேட்கப் போகும்போதெல்லாம், “தீர்மானம் போட்டாயிற்று, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்ற பதில்தான் வருகிறது. அந்தப் பதிலுக்கு மேல் பேச நமக்கு வாய் இருப்பதில்லை.

அந்தக் கையெழுத்துக்கு இருக்கும் எடையை நாம் உணரவில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தரும் வேலையைக் கிராமசபையிடம் கொடுத்திருக்கிறது. கிராமசபை என்றால் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டுமல்ல, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும்தான். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். இந்த எண்ணிக்கைக்காகத்தான் அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகிறவர்களைப் பல ஊர்களில் பந்தலுக்கு அழைத்து வருகிறார்கள். நீளமான நோட்டில் வரிசையாகக் கையெழுத்து விழும். தீர்மானத்துக்கான பக்கம் அப்போது வெறுமையாக இருக்கும், அல்லது இரண்டு வரியோடு நிற்கும். வரவு செலவைக் காட்டும் படிவம் 30, பந்தலின் ஓரத்தில் பிளக்ஸில் தொங்கும். எழுத்தோ, அருகில் போனால்கூடப் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். வந்ததற்கு அடையாளமாக நாம் வைத்த கையெழுத்து, மாலைக்குள் சம்மதித்ததற்குச் சாட்சியாகிவிடுகிறது.

உரக்க வாசிப்பதால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தைக் காட்டுகிறோம். அப்போது பாலி மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில், 1994 டிசம்பரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பினர் ஊராட்சி வேலைகளின் கணக்கை மக்கள் முன்னால் வாசித்தார்கள். செய்யாத வேலைக்குத் தங்கள் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை மக்கள் தங்கள் காதாலேயே கேட்டார்கள். இருந்த காகிதத்தை வாசித்தார்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்ட வாசிப்புகளிலிருந்து கிளம்பிய இயக்கத்துக்கு 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெரும் பங்கு உண்டு. எழுத்தறிவு குறைவாக இருந்த ஊர்களில் நடந்தது, வீட்டுக்கு ஒரு பட்டதாரி இருக்கும் நம் ஊரில் நடக்காமல் இருப்பதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

“தலைவர் நம்ம பங்காளி, செயலர் தெரிந்த பையன், முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது” என்கிறார்கள் பலர். ஒரே ஊரில் பிழைக்க வேண்டியவர்களின் உண்மையான தயக்கம் இது. இதை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒருவர் மட்டும் எழுந்து கேட்டால் அது பகையாகத்தான் தெரியும். அதனால்தான் இதை எல்லோருக்குமான வேண்டுகோளாக வைக்கிறோம். “தீர்மானத்தை வாசியுங்கள்” என்பதில் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லை. நேர்மையாக நடக்கும் தலைவருக்கு அதுவே பாதுகாப்பு. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் ஆண்டின் ஆறு கூட்டங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் விடுமுறை நாட்கள். தீர்மானம் போட்டாலும் மேலே உள்ளவர்கள் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற கசப்பில் பாதி உண்மை உண்டு. எல்லாத் தீர்மானமும் நிறைவேறாது, சில விஷயங்களில் ஊராட்சிக்கு அதிகாரமே கிடையாது. என்றாலும், நமக்குத் தெரியாமல் நம் பெயரில் ஒரு தீர்மானம் உருவாவதையாவது நம்மால் தடுக்க முடியும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடவும் வழியில்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதி 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பதவிக்காலம் முடிந்தபோது, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பதவிக்காலம் முடியாமல் இருந்தது கிராமசபைக்கு மட்டுமே. ஆகவே, அக்டோபர் 2 அன்று வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். பெண்கள் பின்வரிசையில் உட்கார வேண்டாம். வாசிக்காத பக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்ததும் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் அதே பந்தலில் உட்கார்ந்து நாங்கள் எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
ஊராட்சி வாக்காளர்கள் சிலர்